காட்டும் முன் காப்பு: தனிக் கண்டுபிடிப்பாளரும் காப்புரிமையும்

தனிக் கண்டுபிடிப்பாளர் என்பவர் எந்த நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தையும் சாராமல், தன் கைக்காசைப் போட்டு, பட்டறையிலோ வீட்டு மாடியிலோ வயலிலோ ஒரு புதிய பொருளையோ செய்முறையையோ உருவாக்குபவர். பெரிய நிறுவனத்திடம் தொழிற்சாலை, விற்பனை முகவர்கள், விளம்பரப் பணம், வழக்கறிஞர்கள் என்று எல்லாம் உண்டு. தனியாளிடம் இருப்பது, பிறருக்கு இன்னும் தெரியாத ஒரு வழி மட்டுமே. அந்த வழி வெளியே தெரிந்துவிட்டால், வசதியுள்ள எவரும் அதே பொருளை அவரைவிட விரைவாகவும் மலிவாகவும் செய்து சந்தையை நிரப்பிவிடலாம். ஆகவே அறிவுசார் சொத்துரிமை நிறுவனங்களுக்குக் கூடுதல் பலம். தனியாளுக்கோ அதுதான் முதலீடே. அதை எப்போது, எந்த வடிவில், எவ்வளவு செலவில் காத்துக்கொள்வது என்பதை அறியாததால் உழைப்பின் பலனை இழந்தவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள்.

கொடுக்கல் வாங்கல்

காப்புரிமை என்பது அரசுக்கும் கண்டுபிடிப்பாளருக்கும் இடையிலான ஒரு கொடுக்கல் வாங்கல். கண்டுபிடிப்பாளர் தன் செய்முறையை, அத்துறையில் பழகிய ஒருவர் படித்துச் செய்துபார்க்கும் அளவுக்குத் தெளிவாக எழுதி உலகுக்குத் திறந்து வைக்கிறார். பதிலுக்கு, அவருடைய அனுமதியின்றி வேறு எவரும் அதைத் தயாரிக்கவோ, பயன்படுத்தவோ, விற்கவோ, இறக்குமதி செய்யவோ முடியாதபடி தடுக்கும் உரிமையை அரசு அவருக்கு அளிக்கிறது. இந்தியாவில் இந்த உரிமை விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் நீடிக்கும். அதன்பின் கண்டுபிடிப்பு பொதுச்சொத்தாகிவிடும். யாரும் தடையின்றிப் பயன்படுத்தலாம்.

இந்த ஏற்பாடு பழமையானது. 1474இல் வெனிஸ் குடியரசு புதிய கருவிகளைச் செய்தவர்களுக்குப் பத்தாண்டு உரிமை தரும் சட்டத்தை இயற்றியது. 1624இல் இங்கிலாந்து, மன்னர் விருப்பப்படி தனியுரிமை வழங்கும் வழக்கத்தை ஒடுக்கியபோது, புதிய கண்டுபிடிப்புகளுக்கு மட்டும் 14 ஆண்டு உரிமையை விட்டுவைத்தது. இந்தியாவில் முதல் சட்டம் 1856இல் வந்தது. அந்த ஆண்டு மார்ச்சில் கல்கத்தாவைச் சேர்ந்த பொறியாளர் ஜார்ஜ் ஆல்ஃபிரட் டிபென்னிங், பங்கா இழுக்கும் இயந்திரம் ஒன்றுக்கு விண்ணப்பித்தார். இந்தியாவின் முதல் காப்புரிமை விண்ணப்பமாகப் பதிவாகியிருப்பது அதுதான். விடுதலைக்குப் பின், நீதிபதி என். ராஜகோபால அய்யங்கார் 1959இல் அளித்த அறிக்கை, இந்தியக் காப்புரிமைகளில் மிகப் பெரும்பகுதி வெளிநாட்டினர் கையில் இருந்ததைச் சுட்டிக்காட்டியது. அந்த அறிக்கையை ஒட்டி உருவான 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம்தான், 1999, 2002, 2005 ஆகிய ஆண்டுகளில் திருத்தங்களைப் பெற்று, இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

காப்புரிமை கிடைத்தாலே பொருள் தரமானது என்றோ, அதை விற்க அரசு அனுமதித்துவிட்டது என்றோ பலர் எண்ணுகிறார்கள். இரண்டும் தவறு. மருந்தானால் மருந்துக் கட்டுப்பாட்டு அனுமதியும், வாகனமானால் போக்குவரத்துச் சான்றும் தனியே பெற்றாக வேண்டும். காப்புரிமை தருவது பிறரைத் தடுக்கும் அதிகாரம் மட்டுமே. அந்த அதிகாரத்தையும் அரசு தானாக வந்து செலுத்தாது. உரிமையாளர்தான் கண்காணித்து வழக்குத் தொடர வேண்டும். இதன் கனம் எவ்வளவு என்பதை ராபர்ட் கர்ன்ஸின் வாழ்க்கை காட்டுகிறது.

வைப்பர் வழக்கு

மழைக்காலத்தில் கார் கண்ணாடியைத் துடைக்கும் வைப்பர் 1960களின் தொடக்கம்வரை ஒரே சீராக ஓடிக்கொண்டிருக்கும், அல்லது நின்றிருக்கும். சிறு தூறலில் உலர்ந்த கண்ணாடியைத் தேய்த்துக் கீச்சிடும். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் வெய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த கர்ன்ஸ், 1953இல் ஷாம்பெயின் புட்டியின் தக்கை பட்டதில் ஒரு கண்ணில் பார்வையை ஏறக்குறைய இழந்தவர். கண்ணிமை இடைவெளி விட்டு இமைப்பதுபோல் வைப்பரும் ஏன் ஓடக்கூடாது என்று அவர் எண்ணினார். ஒரு மின்தேக்கி மெல்ல மின்னேற்றம் பெறும் நேரத்தையே இடைவெளியாக்கி, டிரான்சிஸ்டர், மின்தடை ஆகியவற்றைச் சேர்த்து ஒரு மின்சுற்றை அமைத்தார். மின்தடையின் அளவை மாற்றினால் இடைவெளியும் மாறியது.

1964 டிசம்பரில் விண்ணப்பித்தார். 1967இல் காப்புரிமை கிடைத்தது. ஃபோர்டு நிறுவனத்தாருக்கும் அதை இயக்கிக் காட்டியிருந்தார். அவர்கள் ஆர்வத்தோடு கேள்விகள் கேட்டார்கள்; பிறகு தொடர்பு நின்றது. 1969இல் ஃபோர்டு கார்களில் இடைவெளி வைப்பர் வந்தது. மற்ற நிறுவனங்களும் தொடர்ந்தன.

கர்ன்ஸ் 1978இல் ஃபோர்டு மீதும் 1982இல் கிரைஸ்லர் மீதும் வழக்குத் தொடுத்தார். எதிர்த்தரப்பின் முதன்மை வாதம் எளிமையானது: டிரான்சிஸ்டர், மின்தேக்கி, மின்தடை எல்லாம் கடையில் கிடைப்பவை, இதில் புதிதாக எதுவும் இல்லை. அறிந்த உறுப்புகளை அறியாத முறையில் இணைத்து, இதுவரை இல்லாத பயனைப் பெறுவதும் கண்டுபிடிப்பே என்பது கர்ன்ஸின் நிலை. 1990இல் ஃபோர்டு வழக்கில் நடுவர் குழு காப்புரிமை செல்லும் என்றும் மீறப்பட்டது என்றும் முடிவு செய்தது. ஆனால் வேண்டுமென்றே மீறியதாகக் கருதவில்லை. ஃபோர்டு 1.02 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. கிரைஸ்லர் வழக்கில் வட்டியோடு ஏறத்தாழ 3 கோடி டாலர் கிடைத்தது. அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டை ஏற்க உச்ச நீதிமன்றம் 1995இல் மறுத்தது.

இதை வெற்றி என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி காப்புரிமையின் காலம் 17 ஆண்டு. தீர்ப்புகள் வருவதற்கு முன்பே அது முடிந்துவிட்டது. தான் கண்டுபிடித்ததைத் தானே தயாரிக்க வேண்டும் என்பதே கர்ன்ஸின் ஆசை. அது நிறைவேறவே இல்லை. குடும்பம் பிரிந்தது. பெரும்பாலும் தானே வாதாடியதால், நீதிமன்றம் விதித்த கெடுவுக்குள் ஆவணங்களைத் தாக்கல் செய்ய முடியாமல் வேறு பல நிறுவனங்கள் மீதான வழக்குகள் தள்ளுபடியாயின. ஆனாலும் 1964ஆம் ஆண்டு விண்ணப்பம் இல்லாதிருந்தால் அவருக்கு நீதிமன்றப் படியேறவே வழி இருந்திருக்காது. அந்தத் தாள்தான் கால் நூற்றாண்டுக்குப் பிறகும் அவருக்காகப் பேசியது.

எதற்குக் காப்புரிமை கிடைக்கும்?

சட்டம் மூன்று தகுதிகளைக் கேட்கிறது. முதலாவது, புதுமை: விண்ணப்பித்த நாளுக்கு முன் உலகில் எங்கும் அச்சிலோ பயன்பாட்டிலோ வெளிவராததாக இருக்க வேண்டும். இரண்டாவது, கண்டுபிடிப்புப் படி: அத்துறையில் தேர்ந்த ஒருவர், ஏற்கெனவே உள்ளதை வைத்து எளிதில் எட்டிவிடக்கூடியதாக இருக்கக் கூடாது. மூன்றாவது, தொழில் பயன்: உற்பத்தியிலோ தொழிலிலோ செய்துகாட்டக் கூடியதாக இருக்க வேண்டும்.

இவை இருந்தாலும் சிலவற்றுக்கு இந்தியச் சட்டத்தின் 3ஆம் பிரிவு இடம் தருவதில்லை. வேளாண் முறைகள், மனிதருக்கும் விலங்குக்குமான சிகிச்சை முறைகள், கணக்கு முறை, வணிக முறை, வெறும் கணினி நிரல், பாரம்பரிய அறிவு ஆகியவை அப்பட்டியலில் உள்ளன. அறிந்த கருவிகளை அருகருகே வைத்து, ஒவ்வொன்றும் தன் பழைய வேலையைத் தனித்தனியே செய்தால் அதுவும் கண்டுபிடிப்பாகாது. ஒரு கைப்பிடியில் டார்ச்சையும் விசிறியையும் பொருத்தினால் உரிமை கிடைக்காது. இரண்டும் சேர்ந்து இதுவரை இல்லாத ஒரு விளைவைத் தந்தால்தான் பேச்சுக்கு இடமுண்டு.

பாரம்பரிய அறிவை விலக்கியதற்கு வலுவான காரணம் உண்டு. 1995இல் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு, மஞ்சள்தூளைக் கொண்டு காயம் ஆற்றும் முறைக்காக அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது. இந்தியாவின் அறிவியல் மற்றும் தொழில்துறை ஆராய்ச்சி மன்றம், பழைய நூல்களையும் ஆய்விதழ்களையும் சான்றாக வைத்து எதிர்த்தது. 1997இல் அந்த உரிமை நீக்கப்பட்டது. புதியதைக் கொண்டு வருபவருக்கு உரிமை அளிக்கும் சட்டம், ஊருக்குப் பொதுவானதை ஒருவர் வேலி போட்டு வளைப்பதையும் தடுக்கிறது. அந்த நியாயம் இருப்பதால்தான் காப்புரிமைக்கு மதிப்பு இருக்கிறது.

புதுமை உண்டா என்பதைச் செலவின்றிச் சோதித்துப் பார்க்கலாம். இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இணையத் தேடல், உலக அறிவுசார் சொத்து அமைப்பின் பேட்டன்ட்ஸ்கோப், கூகுள் பேட்டன்ட்ஸ் ஆகியவற்றில் பல நாட்டு ஆவணங்களைத் தேடிப் படிக்க முடியும். இதில் செலவிடும் சில நாள்கள், யாரோ எப்போதோ செய்துவிட்ட ஒன்றுக்காகச் சில ஆண்டுகளை வீணாக்காமல் தடுக்கும். தேடலின்போது பழைய முயற்சிகள் எங்கே தடுக்கி நின்றன என்பதும் தெரியவரும். தன் கண்டுபிடிப்பின் உண்மையான தனித்தன்மை எது என்பது பலருக்கு அப்போதுதான் புலப்படுகிறது.

முந்தியவருக்கே உரிமை

ஒரே கண்டுபிடிப்பை இருவர் தனித்தனியே செய்திருந்தால், இந்தியா உட்பட உலகில் ஏறக்குறைய எல்லா நாடுகளிலும் முதலில் விண்ணப்பித்தவருக்கே உரிமை. முதலில் கண்டுபிடித்தவருக்கு என்ற விதியை நெடுங்காலம் வைத்திருந்த அமெரிக்காவும் 2013 மார்ச்சில் முதலில் விண்ணப்பித்தவர் பக்கம் மாறிவிட்டது. தேதி போட்ட குறிப்பேடும் வரைபடங்களும் பிறர் திருடியதை நிறுவ உதவும். விண்ணப்பத் தேதிக்கு அவை ஈடாகா.

எழுதித் தாக்கல் செய்ததன் வலிமைக்குத் தொலைக்காட்சியின் வரலாறு சாட்சி. ஐடஹோ மாநிலத்தில் ஓர் உழவரின் மகனான ஃபைலோ ஃபார்ன்ஸ்வொர்த், 1922இல் பள்ளி மாணவனாக இருந்தபோதே மின்னணுத் தொலைக்காட்சியின் அமைப்பைத் தன் வேதியியல் ஆசிரியருக்குக் கரும்பலகையில் வரைந்து காட்டினார். 1927 ஜனவரியில் விண்ணப்பித்து, அதே ஆண்டு செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் படத்தை அனுப்பிக் காட்டினார். ஆர்சிஏ என்ற மாபெரும் நிறுவனம், தன் பொறியாளர் விளாடிமிர் ஸ்வோரிகினின் 1923ஆம் ஆண்டு விண்ணப்பமே முந்தியது என்று வாதிட்டது. பழைய ஆசிரியரும் வந்து சாட்சி சொன்னார். இரு விண்ணப்பங்களும் வரிவரியாக ஒப்பிடப்பட்டன. ஸ்வோரிகினின் பழைய விண்ணப்பம் அந்த உரிமையைக் கோரும் அளவுக்கு அமைப்பை விளக்கவில்லை என்று முடிவாகி, 1934இல் முன்னுரிமை ஃபார்ன்ஸ்வொர்த்துக்குக் கிடைத்தது. 1939இல் ஆர்சிஏ அவருக்குப் பத்து லட்சம் டாலர் உரிமத் தொகை தர ஒப்புக்கொண்டது. தெளிவாக எழுதப்பட்ட ஒரு விண்ணப்பம், சில ஆண்டு முந்திய தேதியையும் வென்றது.

முந்துவதில் தோற்பவர்களைவிட, தாமே வெளிப்படுத்திவிட்டு இழப்பவர்களே அதிகம் கவலைக்குரியவர்கள். பொருளைக் கண்காட்சியில் வைப்பது, உள்ளூர்ச் செய்தியாளருக்கு விளக்குவது, யூடியூபில் காணொளி போடுவது, வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவது, நான்கு பேருக்கு விற்றுப் பார்ப்பது எல்லாம் விண்ணப்பத்துக்கு முன் நடந்தால் புதுமையை அழித்துவிடக்கூடும். அரசு அறிவித்த கண்காட்சியில் வைத்தது, அறிவியல் சங்கத்தில் கட்டுரையாகப் படித்தது போன்ற சிலவற்றுக்கு மட்டும் இந்தியச் சட்டம் 12 மாத விலக்கு தருகிறது. பல நாடுகளில் அந்தச் சலுகையும் கிடையாது. பாராட்டு வாங்கும் ஆவலில் தன் கையாலேயே உரிமையைக் கரைத்துவிடும் பரிதாபம் மாணவர்களிடமும் சிறு பட்டறைக்காரர்களிடமும் ஏற்பட இடமுண்டு. முதலில் விண்ணப்பம், பிறகுதான் விளம்பரம் என்ற ஒழுங்கு ஒன்றே இதற்கு மருந்து.

விண்ணப்பம் செல்லும் வழி

கருவி முழுமை பெறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கருத்தும் அமைப்பும் தெளிவானதும் தற்காலிக விவரக்குறிப்பைத் தாக்கல் செய்து தேதியைப் பிடித்துவிடலாம். அன்றிலிருந்து 12 மாதங்களுக்குள் முழு விவரக்குறிப்பைக் கொடுக்க வேண்டும். தவறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். அந்த ஓராண்டுக்குள் மாதிரியைச் செய்து சோதிக்கவும், முதலீட்டாளரைத் தேடவும், பொருளுக்குச் சந்தை உண்டா என்று பார்க்கவும் முடியும்.

முழு விவரக்குறிப்பின் உயிர், உரிமைக் கோரல்கள் என்ற பகுதி. நிலப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதுவதைப் போல, எதுவரை தன்னுடையது என்று கண்டுபிடிப்பாளர் அங்கே வரையறுக்கிறார். எல்லை மிகக் குறுகினால் போட்டியாளர் ஒரு திருகாணியை இடம் மாற்றி அடுத்த மனையில் கடை போடுவார். மிக அகன்றால் ஏற்கெனவே பிறருக்குரிய இடத்தில் கால் வைத்ததாகி விண்ணப்பம் நிராகரிக்கப்படும். விவரம் எழுதுவதைத் தானே செய்ய முடிந்தவரும், உரிமைக் கோரல்களுக்குப் பதிவு பெற்ற காப்புரிமை முகவரின் உதவியை நாடுவது நல்லது. தனக்குத் தெரிந்த மிகச் சிறந்த செய்முறையை மறைக்காமல் எழுத வேண்டும் என்பதும் சட்டத்தின் கட்டளை. பாதியை ஒளித்துவைத்து எழுதினால் அதுவே பின்னாளில் உரிமையை ரத்து செய்யக் காரணமாகும்.

இந்தியாவின் காப்புரிமை அலுவலகம் கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்டு சென்னை, மும்பை, டெல்லி ஆகிய இடங்களிலும் இயங்குகிறது. இணையவழியில் விண்ணப்பிக்கும் தனிநபருக்கு அடிப்படைக் கட்டணம் 1,600 ரூபாய். பெரிய நிறுவனத்துக்கு 8,000 ரூபாய். 18 மாதங்கள் கழித்து விண்ணப்பம் அலுவலக இதழில் வெளியாகும். ஆனால் அது தானாகப் பரிசீலனைக்குப் போய்விடாது. 4,000 ரூபாய் செலுத்தித் தனியே கோரிக்கை வைக்க வேண்டும். 2024 மார்ச்சில் வந்த விதித் திருத்தம், இதற்கான கெடுவை 48 மாதங்களிலிருந்து 31 மாதங்களாகக் குறைத்துள்ளது. பெண் விண்ணப்பதாரர்களும் புத்தொழில் நிறுவனங்களும் விரைவுப் பரிசீலனை கோரலாம்.

பரிசீலகர் எழுப்பும் ஆட்சேபங்களுக்கு ஆறு மாதங்களுக்குள் பதில் தர வேண்டும். ஆட்சேபக் கடிதம் வந்ததுமே மனம் தளர வேண்டியதில்லை. பெரும்பாலான விண்ணப்பங்களுக்கு அது வழக்கமாக நிகழ்வது. உரிமை கிடைக்கும் முன் எவரும் எதிர்ப்பு தெரிவிக்கலாம். கிடைத்தபின் ஓராண்டுக்குள் தொடர்புடையவர்கள் எதிர்க்கலாம். பிறகு மூன்றாம் ஆண்டு முதல் ஆண்டுதோறும் புதுப்பிப்புக் கட்டணம் உண்டு. தொடக்கத்தில் சிறியதாக இருக்கும் தொகை ஆண்டுகள் ஏறஏற உயரும். கட்டத் தவறினால் உரிமை காலாவதியாகும்.

உலகம் முழுவதற்கும் ஒரே காப்புரிமை என்று எதுவும் இல்லை. இந்திய உரிமை இந்திய எல்லைக்குள் மட்டுமே செல்லும். முதல் விண்ணப்பத்திலிருந்து 12 மாதங்களுக்குள் பிற நாடுகளில் விண்ணப்பித்தால் முதல் தேதியே எங்கும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். காப்புரிமை ஒத்துழைப்பு ஒப்பந்தத்தின் வழியாகச் சென்றால், எந்தெந்த நாடு என்று முடிவு செய்யப் பொதுவாக 30 மாதங்கள்வரை அவகாசம் கிடைக்கும். இந்தியாவில் வசிப்பவர் இங்கே விண்ணப்பிக்காமல் நேரே வெளிநாட்டுக்குப் போக விரும்பினால் முன் அனுமதி பெற வேண்டும். ஒவ்வொரு நாட்டுக்கும் கட்டணமும் வழக்கறிஞர் செலவும் மொழிபெயர்ப்புச் செலவும் தனித்தனி என்பதால், பொருள் உண்மையில் விற்பனையாகும் நாடுகளை மட்டும் தேர்வது அறிவுடைமை.

பல பூட்டுகள், பல சாவிகள்

எல்லாவற்றுக்கும் காப்புரிமைதான் வழி என்றில்லை. பொருளின் தோற்றமே அதன் கவர்ச்சி என்றால் 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டப்படி பதிவு செய்யலாம். பத்தாண்டும், நீட்டித்தால் மேலும் ஐந்தாண்டும் பாதுகாப்பு உண்டு. பெயரும் அடையாளமும் வணிகச் சின்னமாகப் பதிவாகும். பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தால் அதற்கு முடிவே இல்லை. மென்பொருள் நிரல், கையேடு, வரைபடம் ஆகியவற்றுக்குப் பதிப்புரிமை உண்டு. அது ஆசிரியரின் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டும் நீடிக்கும். வெளியிலிருந்து பார்த்துக் கண்டறிய முடியாத கலவை, பதம், சேர்மானம் போன்றவற்றை வணிக இரகசியமாகவே வைத்துக்கொள்ளலாம். இரகசியத்துக்குக் காலவரம்பு கிடையாது; ஆனால் வேறொருவர் தன் உழைப்பால் அதையே கண்டுபிடித்துவிட்டால் தடுக்கவும் முடியாது.

உழவர்களின் கண்டுபிடிப்புகளுக்குத் தனிச் சட்டம் தேவைப்பட்டதற்கு மகாராஷ்டிரத்தின் தாதாஜி கோப்ரகடே கதை விளக்கம் தரும். சந்திரபூர் மாவட்டத்தின் நாந்தேடு சிற்றூரில் மிகச் சிறு நிலம் வைத்திருந்த அவர், 1983இல் தன் வயலில் நிறம் மாறியிருந்த சில நெற்கதிர்களைக் கவனித்தார். அந்த விதையைப் பிரித்துவைத்து, ஆண்டுதோறும் தேர்ந்தெடுத்துப் பெருக்கினார். மெல்லிய அரிசி, நல்ல மகசூல். அக்கம்பக்கத்து ஊர்களில் பரவிய அந்த நெல்லுக்கு, அன்று புகழ்பெற்றிருந்த கைக்கடிகாரத்தின் பெயரால் எச்எம்டி என்ற பெயர் நிலைத்தது. பின்னர் ஒரு வேளாண் பல்கலைக்கழகம் அவரிடமிருந்து விதை பெற்று, தூய்மைப்படுத்திய இரகமாக வெளியிட்டது. லட்சக்கணக்கான ஏக்கரில் அந்நெல் விளைந்தபோதும் கோப்ரகடேயின் வறுமை தீரவில்லை. 2005இல் தேசியப் புத்தாக்க அறக்கட்டளை அவருக்கு விருது அளித்தது. 2018இல் அவர் காலமானார்.

அவர் நெல்லைத் தேர்ந்தெடுத்த காலத்தில் உழவரின் உரிமையைப் பதிவு செய்யச் சட்டமே இல்லை. 2001இல் இயற்றப்பட்ட பயிர் இரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் அந்தக் குறையைத் தீர்த்தது. உழவர் தாம் உருவாக்கிய இரகத்தைப் பதிவு செய்துகொள்ளலாம். பயிர்களுக்கு 15 ஆண்டும், மரங்களுக்கும் கொடிகளுக்கும் 18 ஆண்டும் பாதுகாப்பு உண்டு. தம் விளைச்சலிலிருந்து விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் பரிமாறிக்கொள்ளவும் எல்லா உழவர்களுக்கும் உள்ள உரிமையையும் அச்சட்டம் காக்கிறது. கோப்ரகடேயைப் போன்ற இன்னொருவருக்கு இன்று வழி இருக்கிறது. அந்த வழி அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே மீதியுள்ள வேலை.

பேச்சும் பேரமும்

தயாரிப்பாளரையோ முதலீட்டாளரையோ சந்திக்கும்போது எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பது தனியாளுக்குப் பெரிய சோதனை. விண்ணப்பம் பதிவான பிறகே பேச்சைத் தொடங்குவது பாதுகாப்பானது. அதற்கு முன் பேச நேர்ந்தால் இரகசியம் காக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். பட்டறையில் வார்ப்பு ஊற்றுபவர், லேத்தில் கடைபவர், மின்பலகை செய்பவர் ஆகியோரிடமும் இந்த எச்சரிக்கை தேவை. சேர்ந்து உழைத்த நண்பருக்கு எவ்வளவு பங்கு என்பதை நட்பு நன்றாக இருக்கும்போதே எழுதி வைப்பது நட்பையும் காக்கும். வேலையில் இருப்பவர்கள், பணிக்காலத்தில் செய்யும் கண்டுபிடிப்பு முதலாளிக்குச் சொந்தம் என்று நியமன ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று முதலில் படித்துப் பார்க்க வேண்டும்.

உரிமையை வருமானமாக்க மூன்று வழிகள் உண்டு: தானே தயாரிப்பது, மொத்தமாக விற்றுவிடுவது, உரிமம் கொடுத்து ராயல்டி பெறுவது. உரிமம் கொடுக்கும்போது எந்தப் பகுதிக்கு, எத்தனை ஆண்டுக்கு, ஒருவருக்கு மட்டுமா பலருக்கா, விற்பனைக் கணக்கை யார் தணிக்கை செய்வது, உற்பத்தி தொடங்காமல் கிடப்பில் போட்டால் என்ன செய்வது என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சில் காப்புரிமை கைமாறாது. எழுதப்பட்ட ஆவணமும் காப்புரிமை அலுவலகத்தில் பதிவும் தேவை.

பேராசை உரிமையையே கவிழ்க்கும் என்பதற்கு எலி விட்னி சான்று. பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் அவருடைய இயந்திரத்துக்கு 1794இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. இயந்திரத்தை விற்காமல், தங்கள் ஆலைகளில் பிரித்துக் கொடுத்து, பஞ்சில் ஐந்தில் இரண்டு பங்கைக் கூலியாகக் கேட்டனர் அவரும் அவர் கூட்டாளியும். தோட்ட முதலாளிகள் கொதித்தனர். இயந்திரத்தின் அமைப்போ எந்தக் கொல்லரும் பார்த்துச் செய்துவிடக்கூடியது. நகல்கள் பெருகின. வழக்கில் அவர் வெல்ல 1807 ஆனது. 14 ஆண்டு உரிமைக்காலம் அதற்குள் ஏறக்குறைய முடிந்துவிட்டது. எளிதில் நகலெடுக்கக்கூடிய பொருளுக்குப் பலரும் கொடுக்கக்கூடிய நியாயமான கட்டணத்தை வைப்பதே வழக்குகளைவிட நல்ல வேலி.

சவாலைத் தாங்கும் உரிமை

அலுவலகம் அளித்த காப்புரிமை முடிந்த முடிவல்ல. எதிர்த்தரப்பு அதை எப்போது வேண்டுமானாலும் நீதிமன்றத்தில் கேள்விக்கு உட்படுத்தலாம். மதுரையைச் சேர்ந்த ஒரு கண்டுபிடிப்பாளருக்கு, ஒரே கைப்பேசியில் பல சிம் அட்டைகளை இயக்கும் அமைப்புக்காக 2008இல் இந்தியக் காப்புரிமை கிடைத்தது. அதை வைத்து, இறக்குமதியாகும் இரட்டை சிம் கைப்பேசிகளைச் சுங்கத்துறை மூலம் தடுக்க அவர் முயன்றார். கைப்பேசி நிறுவனங்கள் எதிர்த்தன. முன்பே இருந்த தொழில்நுட்பத்திலிருந்து அது போதிய அளவு மேம்பட்டதல்ல என்று கூறி, அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் 2012இல் அந்த உரிமையை ரத்து செய்தது. விண்ணப்பத்துக்கு முன் செய்யும் ஆழமான தேடலும், உரிமைக் கோரல்களை அளந்து எழுதுவதும் எவ்வளவு முக்கியம் என்பதை இத்தகைய வழக்குகள் உணர்த்துகின்றன.

உரிமை மீறப்பட்டால், காப்புரிமை வழங்கப்பட்ட பிறகே வழக்குத் தொடுக்க முடியும். ஆனால் விண்ணப்பம் வெளியான நாளிலிருந்து ஏற்பட்ட இழப்புக்கு ஈடு கேட்கலாம். மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு தொடங்கினாலும், எதிராளி காப்புரிமையையே ரத்து செய்யக் கோரினால் அது உயர் நீதிமன்றத்துக்கு மாறும். மேல்முறையீட்டு வாரியம் 2021இல் கலைக்கப்பட்டபின், டெல்லி, சென்னை உயர் நீதிமன்றங்களில் அறிவுசார் சொத்துக்கெனத் தனிப் பிரிவுகள் அமைந்துள்ளன. எல்லாப் பூசலும் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியதில்லை. வலுவாக எழுதப்பட்ட காப்புரிமையும் ஒரு வழக்கறிஞர் கடிதமும் சேர்ந்து உரிம ஒப்பந்தமாக முடியவும் வாய்ப்புண்டு.

உதவிக்கும் அமைப்புகள் இருக்கின்றன. 2000இல் தொடங்கிய தேசியப் புத்தாக்க அறக்கட்டளை, முறையான கல்வியோ ஆய்வுக்கூடமோ இல்லாத அடித்தளக் கண்டுபிடிப்பாளர்களைத் தேடிச் சென்று, அவர்கள் பெயரிலேயே காப்புரிமை பெற உதவுகிறது. சென்னையில் தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றத்தின் காப்புரிமைத் தகவல் மையம் வழிகாட்டுகிறது. பதிவு பெற்ற புத்தொழில் நிறுவனங்களுக்கு முகவர் கட்டணத்தை ஒன்றிய அரசே ஏற்கும் திட்டமும் உண்டு.

கொடுப்பதும் உரிமையாளர் விருப்பமே

அறிவை விலை பேசுவது முறையா என்ற தயக்கம் இந்திய மண்ணில் நீண்ட காலம் இருந்தது. ஜகதீஷ் சந்திர போஸ் வானொலி அலைகளை உணரும் கருவிகளைச் செய்தபோதும் அவற்றால் பொருள் ஈட்ட விரும்பவில்லை. நண்பர்களின் வற்புறுத்தலால் ஒன்றுக்கு விண்ணப்பித்து 1904இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். ஆனால் அதைக் கொண்டு அவர் பணம் பண்ணவில்லை. அது ஒரு பெரிய மனத்தின் முடிவு, மதிக்கத்தக்கது. ஆனால் எல்லோருக்கும் அது வழியாகாது. போஸுக்குப் பேராசிரியர் பணி இருந்தது. பட்டறையை அடகு வைத்துக் கருவி செய்தவருக்கு அத்தகைய பிடிமானம் இல்லை.

பதிவு செய்து வைத்துக்கொண்டும் பொதுநலனுக்குக் கொடுக்கலாம் என்பதைக் கோயம்புத்தூரின் அருணாசலம் முருகானந்தம் காட்டினார். மாதவிடாய் அணையாடைகளைச் சிற்றூர்ப் பெண்களே குறைந்த செலவில் தயாரிக்கும் எளிய இயந்திரத்தை உருவாக்கிக் காப்புரிமை பெற்ற அவர், அதைப் பெரிய நிறுவனத்துக்கு விற்றுவிட்டு ஒதுங்கவில்லை. மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு இயந்திரத்தைக் கொடுத்து, அவர்கள் தத்தம் பெயரிலேயே உற்பத்தி செய்து விற்க வழிசெய்தார். 2016இல் பத்மஸ்ரீ விருது அவருக்குக் கிடைத்தது.

காப்புரிமையின் பயனை இங்கே முழுமையாகக் காணலாம். உரிமை கையில் இருந்தால், யாருக்குக் கொடுப்பது, எந்த விலைக்குக் கொடுப்பது, இலவசமாகவே கொடுப்பதா என்பதைக் கண்டுபிடித்தவரே தீர்மானிக்கலாம். உரிமை இல்லையென்றால் அந்த முடிவை முதலில் நகலெடுத்தவர் எடுத்துவிடுவார். ஆகவே தனிக் கண்டுபிடிப்பாளர் ஒவ்வொருவரும் தம் வேலையை நாள்தோறும் தேதியிட்டுக் குறித்து வைப்பதும், ஏற்கெனவே உள்ளதைத் தேடிப் பார்ப்பதும், பிறருக்குக் காட்டும் முன் தற்காலிக விண்ணப்பத்தையாவது தாக்கல் செய்வதும், பொருளுக்கு ஏற்ற பாதுகாப்பைத் தேர்வதும், கெடுவையும் கட்டணத்தையும் தவறவிடாமல் இருப்பதும் கண்டுபிடிப்பு வேலையின் பகுதியாகவே கருதப்பட வேண்டும். பள்ளி, பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரி, உழவர் பயிற்சி மையம் எல்லாவற்றிலும் இந்தப் பாடம் செய்முறைப் பயிற்சியோடு சேர்ந்தே கற்பிக்கப்பட வேண்டும்.